பழைய பட்டு வாங்கலாமா? முதலில் மடிப்பைப் பிரித்துப் பாருங்கள்

கேள்வி: காட்பாடியில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன் அக்கா. தை மாதம் சித்தி மகள் கல்யாணம். கடையில் எடுத்தால் என் கைக்காசுக்கு நல்ல ஜரிகைப் பட்டு வராது என்பதால் பழைய பட்டாகத் தேடினேன். குடியாத்தத்தில் ஒரு அம்மா வாட்ஸ்ஆப் குழுவில் ஓர் ஆரணிப் பட்டைப் போட்டிருக்கிறார். “என் மாமியாரோட கல்யாணப் புடவை, அறுபது வருஷப் பழசு, அசல் தங்க ஜரிகை” என்று சொல்லி 9,000 ரூபாய் கேட்கிறார். படங்களை அனுப்பியிருக்கிறேன். இன்ஸ்டாகிராமில் தில்லிக்காரர் ஒருவர் ‘விண்டேஜ்’ (அந்தக் காலத்துத் துணி) என்று போட்டிருந்த ஒரு ஜீன்ஸ் ஜாக்கெட்டையும் 1,200 ரூபாய்க்குப் பார்த்து வைத்திருக்கிறேன். அம்மாவோ, “யாரோ உடுத்தினதை நம்ம வீட்டுக்குள்ள கொண்டு வராதே” என்கிறார். வாங்கலாமா? எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?
— ஒரு வாசகி, காட்பாடி

பதில்: நீங்கள் அனுப்பிய படங்களில் மூன்றாவதைப் பெரிதாக்கிப் பாருங்கள்மா. அட்டைப் பெட்டியின் ஓரத்தில் பளபளவென்று ஒரு சீட்டு தெரிகிறது. அது சில்க் மார்க் சீட்டு, அதாவது அசல் பட்டு என்று சொல்லும் முத்திரை. மத்தியப் பட்டு வாரியத்தின் கீழ் இந்த முத்திரை நடைமுறைக்கு வந்ததே 2004இல்தான். அறுபது வருஷத்துக்கு முன்னால் கல்யாணமான மாமியாரின் பெட்டியில் அது இருக்க வழியில்லை. அந்த அம்மா பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பீரோவில் இருக்கும் நாலு பெட்டியில் ஒன்றின் சீட்டு இன்னொன்றுக்குள் போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அறுபது வருஷம் என்கிற கதைக்குத் தனியாக விலை கொடுக்காதீர்கள். துணிக்கு மட்டும் கொடுங்கள்.

துணியின் வயதைக் கண்டுபிடிக்க, கடைப்பெயர் அச்சிட்ட பெட்டி, பை, ரசீது ஏதாவது இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் அது 1972க்குப் பிறகு அச்சானது, ஏனென்றால் பின்கோடே அந்த வருஷம்தான் வந்தது. ‘ஆரணி, வ.ஆ. மாவட்டம்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 1989க்கு முந்தியது. அந்த வருஷம்தான் வட ஆற்காட்டைப் பிரித்தார்கள், ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. மெட்ராஸ் கடையின் ஆங்கில முகவரியில் Chennai என்று இருந்தால் 1996க்குப் பிந்தியது; தமிழில் சென்னை என்று முன்பே எழுதிவந்தார்கள், அதை வைத்து முடிவு செய்ய முடியாது. ஜிஎஸ்டி எண் இருந்தால் 2017 ஜூலைக்குப் பிறகு. பழைய அட்டைப் பெட்டிகளைத் தீரும் வரை ஓட்டிய கடைக்காரர்கள் உண்டு, அதனால் ஒன்றிரண்டு வருஷம் முன்பின் இருக்கலாம். புடவையிலேயே இன்னொரு அடையாளம் இருக்கிறது. ஓடுரவிக்கை, அதாவது புடவையோடு சேர்ந்து வரும் ரவிக்கைத் துணி, அந்தக் காலப் புடவைகள் பலவற்றில் இருக்காது. முழு நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஆறு கஜம் என்றால் கிட்டத்தட்ட ஐந்தரை மீட்டர். பழசில் அதைவிடக் குறைவாகவும், அகலம் சின்னதாகவும் வரலாம். நீங்கள் உயரமாக இருந்தால் இது பெரிய விஷயம். கல்யாண வீட்டில் கணுக்கால் தெரிய நிற்க வேண்டியிருக்கும்.

இனி துணிக்கு வருவோம். என் தையற்கடைக்கு வரும் பழைய துணிகளை நான் இரண்டாகத்தான் பிரிப்பேன். தையல் விட்டுப்போனது ஒரு பக்கம், துணியே செத்துப்போனது இன்னொரு பக்கம். முதல் வகைக்கு என்னிடம் வழி உண்டு. இரண்டாவதுக்கு என்னிடமும் கிடையாது, வேறு யாரிடமும் கிடையாது. பட்டு சாகும் இடம் மடிப்பு. வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்த புடவை வெளியே புதுசு மாதிரி இருக்கும். பிரித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் மடிப்பு ஓடிய கோட்டில் சின்னச் சின்னக் கீறலாக வெளிச்சம் ஒழுகும். ஊரில் இதைத்தான் ‘இத்துப்போச்சு’ என்பார்கள். அந்த இடத்தில் துணியின் இரண்டு பக்கமும் விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள், வெடுக்கென்று அல்ல. நல்ல பட்டு எதிர்த்து நிற்கும். செத்த பட்டு சத்தமே இல்லாமல் விட்டுக்கொடுக்கும். ஓர் இடத்தில் விட்டுவிட்டால் அதே மடிப்புக் கோட்டில் மற்ற இடங்களிலும் விடும். ரஃபூ போடலாமா என்று கேட்பீர்கள். ரஃபூ என்பது ஓட்டையைச் சுற்றியிருக்கும் நல்ல துணியில் நூலைப் பிடிக்கவைத்து இழைகளைப் பின்னுவது. சுற்றியிருப்பதும் இத்துப்போயிருந்தால் ஊசி போன இடமெல்லாம் புது ஓட்டைதான்.

இதனால்தான் விற்பதற்கு முன் பாலிஷ் போட்ட புடவையை நான் சந்தேகத்தோடு பார்ப்பேன். ரோலிங் செய்து மொடமொடப்பு ஏற்றிவிட்டால் நைந்த துணிகூடக் கடைத் துணி மாதிரி விறைப்பாக நிற்கும். முதல் முறை கட்டி உட்கார்ந்து எழும்போதுதான் வேஷம் கலையும். “பாலிஷ் போடாம அப்படியே காட்டுங்கம்மா” என்று கேளுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் மடிப்பை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

மடிப்புக்கு அடுத்தபடி நான் பார்க்கும் இடங்கள் உடம்பு துணியைத் தேய்க்கும் இடங்கள். கொசுவம் செருகும் பகுதியில் வியர்வை இறங்கியிருக்கும். தோள்பட்டையில் பின் குத்திய ஓட்டைகள் இருக்கும். துருப்பிடித்த பின்னாக இருந்திருந்தால் ஓட்டையைச் சுற்றி பழுப்பு வட்டம் தெரியும், அந்த வட்டத்துக்குள் துணி சீக்கிரம் கிழியும். கீழ்க்கரை குதிகாலிலும் கொலுசிலும் உரசி நூல் கிளம்பியிருக்கும். அங்கே ஃபால்ஸ் தைத்திருந்தால் நாலு விரல் அளவு பிரித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஃபால்ஸுக்கு அடியில் வெயில் படாத பகுதியின் நிறமும் வெளியே இருக்கும் நிறமும் எவ்வளவு வித்தியாசப்படுகின்றன என்பதைப் பார்த்தால், புடவை எத்தனை வெயிலும் சலவையும் கண்டது என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். கோர்வைப் புடவையாக இருந்தால் உடலும் கரையும் கோத்த கோட்டை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே விட்டிருந்தால் பயமில்லை. உடலும் கரையும் உறுதியாக இருந்தால் மறுபடியும் பிடித்துவிடலாம்.

ஜரிகை விஷயத்தில் ஏமாறாதவர்கள் குறைவு. ‘அசல் தங்க ஜரிகை’ என்பதற்கு அர்த்தம், பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதற்கு மேல் தங்க முலாம் பூசியது என்பதுதான். எடையில் தங்கம் ஒரு சதவீதம்கூட வராது, உலோகத்தில் பெரும்பங்கு வெள்ளிதான். முந்தானை ஓரத்தில் பிரிந்து தொங்கும் ஜரிகை இழை ஒன்றைக் கேட்டு வாங்கி நகத்தால் சுரண்டுங்கள். மேல்பூச்சு போனதும் வெள்ளையாக வெள்ளி தெரிந்தால் நல்லது. செம்பு நிறம் தெரிந்தால் அது செம்புக் கம்பி, ‘டெஸ்டட்’ என்று கடையில் சொல்வார்களே அது. சுரண்டினால் சீவல் சீவலாக உரிந்தால் பிளாஸ்டிக். உள்ளே சிவப்பு நூல் இருந்தாலே அசல் என்று பலர் நம்புகிறார்கள். மட்டமான ஜரிகையிலும் சிவப்புச் சாயம் ஏற்றிய நூல் வைப்பார்கள், அதனால் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய வெள்ளி ஜரிகை லேசாக மங்கிக் கருத்திருப்பதும் குறையல்ல, வெள்ளிக்கு அதுதான் குணம். அறுபது வருஷப் புடவையில் ஜரிகை நேற்று நெய்தது போல மின்னினால்தான் நான் யோசிப்பேன்.

பட்டா இல்லையா என்பதற்கு முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஜரிகை கலக்காத ஒரு நூலை எடுத்துக் கொளுத்திப் பார்க்கலாம். பட்டு முடி பொசுங்கிய வாடையோடு எரியும், தீயை எடுத்தால் அணையப் பார்க்கும், மிஞ்சும் கரி விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி உருண்டையாகும். காகிதம் எரிகிற வாடையும் சாம்பலும் வந்தால் அது ஆர்ட் சில்க் என்று விற்கிற ரேயான். பின்னால் கட்டிய குஞ்சத்தில் வேறு நூல் இருக்கலாம், அதனால் புடவையிலிருந்தே வரும் இழையாகப் பார்த்து எடுக்க வேண்டும். விற்பவர் முன்னாலேயே, அவர் சம்மதத்தோடு செய்யுங்கள்.

“பழைய பட்டுப் புடவை வாங்குறது, ஜரிகை வாங்குறது” என்று தெருவில் குரல் கொடுத்துப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குப் புடவையின் அழகு ஒரு பொருட்டில்லை. எரித்தோ உருக்கியோ எடுக்கும் வெள்ளிக்குத்தான் கணக்கு. அப்படி வாங்கும் கடைகளிலும் உரசிப் பார்த்து ஒரு தொகை சொல்வார்கள். அந்தத் தொகைதான் அந்தப் புடவையின் அடிமட்ட விலை. அதற்கு மேல் நீங்கள் கொடுப்பதெல்லாம் அதைக் கட்ட முடியும் என்பதற்காகக் கொடுக்கிற விலை. கட்ட முடியாத புடவைக்கு அந்த மேல்விலையைக் கொடுக்கக் கூடாது. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துப் பேரம் பேசினால் 9,000 நியாயமா இல்லையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இன்னொன்று: ஆரணிப் பட்டு பொதுவாகவே காஞ்சிபுரத்தைவிடக் கனம் குறைவு. கையில் லேசாக இருக்கிறதே என்று அதை மட்டமாக நினைக்க வேண்டாம், காஞ்சிபுரம் விலையும் கொடுக்க வேண்டாம்.

உடல் இத்துப்போய்க் கரை மட்டும் நன்றாக இருந்தால்? குறைந்த விலைக்குக் கிடைத்தால் நான் வாங்குவேன். கரையைப் பிரித்துப் புதுப் பட்டுத் துணியில் வைத்துத் தைக்கலாம். குழந்தைக்குப் பாவாடை தைக்கலாம். ஆனால் கல்யாணத்துக்குக் கட்ட என்று கேட்கிற உங்களுக்கு அது உதவாது.

ஜாக்கெட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘விண்டேஜ்’ என்கிற சொல்லை இன்ஸ்டாகிராமில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதைத் தடுக்க ஆளில்லை. இப்படி விற்கப்படுவதில் பல மூட்டைகள் இருக்கின்றன. ஒன்று திருப்பூரில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியது. கழுத்துச் சீட்டைப் பாதியில் வெட்டியிருப்பார்கள். அது யாரும் உடுத்தாத புதுத் துணி, விண்டேஜும் இல்லை. இன்னொன்று வெளிநாட்டில் உடுத்திக் கழித்தது. அதைக் கொண்டுவந்து உள்ளூரில் விற்க அரசு உரிமம் வேண்டும். குஜராத்தின் காண்ட்லாவில் தரம் பிரிக்கும் கூடங்கள் இருக்கின்றன, கம்பளித் துணியெல்லாம் ஹரியானாவின் பானிபட்டில் கிழித்துப் போர்வை நூலாகிறது. அப்புறம் உங்கள் ஊரிலேயே கிடைக்கிற மூன்றாவது வகை: படிப்பு முடிந்து ஊர் திரும்புகிற மாணவர்கள் விற்றுவிட்டுப் போவது. என்னைக் கேட்டால் இதுதான் நம்பகமானது. யார் போட்டது, எத்தனை நாள் போட்டது என்று நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம். காட்பாடியில் இருந்துகொண்டு கூரியர் செலவோடு தில்லியிலிருந்து ஏன் வரவழைக்க வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை.

அந்த ஜாக்கெட்தான் வேண்டும் என்றால், பகல் வெளிச்சத்தில் எடுத்த வீடியோ கேளுங்கள். கழுத்துப் பட்டையின் உள்பக்கம், அக்குள், கைமடிப்பு, ஜிப் அல்லது பொத்தான் பிடித்திருக்கும் இடம் இவை தெரிய வேண்டும். சைஸ் எழுத்தை நம்பாதீர்கள். நாடு மாறினால் சைஸ் மாறும், சலவையில் சுருங்கியும் இருக்கும். உங்களுக்குச் சரியாக இருக்கும் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து, அதே அளவை அவரிடம் கேளுங்கள். சீட்டில் எலாஸ்டேன் கலந்தது என்றிருந்தால் பழசில் அதைத் தவிர்ப்பேன். ரப்பர் போல இழுபடும் அந்த இழை பிடிப்பு விட்டுவிட்டால் துணி தொளதொளத்துப் போகும், திரும்ப வராது. முழுப் பருத்தி ஜீன்ஸ் துணி என்றால் தேய்ந்தாலும் தைக்க இடம் கொடுக்கும். ஜீன்ஸ் பேன்ட் வாங்குகிறவர்கள் தொடை உரசும் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தையற்கடைச் சங்கதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டைலரிடம் தைத்த பழைய சட்டை, சுடிதார், ரவிக்கை இவற்றில் உள்ளே ஓரிரண்டு அங்குலம் துணி விட்டிருப்பார்கள், பிரித்துப் பெரிதாக்கலாம். ரெடிமேடில் ஓவர்லாக் அடித்து ஒட்டவெட்டியிருப்பார்கள், சின்னதாக்கத்தான் முடியும். ஆகவே ரெடிமேடைக் கொஞ்சம் பெரிதாக வாங்குங்கள். பிரித்துவிட்டால் பழைய தையல் ஓடிய கோடும், உள்ளே மறைந்திருந்த துணியின் மங்காத நிறமும் பட்டையாகத் தெரியும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அடர்நிறத் துணியில் அது கண்ணை உறுத்தும்.

நம் பக்கத்தில் தோல் பொருளும் கிடைக்கும். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஏற்றுமதியில் கழிந்த ஷூ, ஜாக்கெட் என்று யாராவது காட்டினால் உள்பக்கத்தையும் வெட்டு ஓரத்தையும் பாருங்கள். தோலில் நார் தெரியும், ரெக்ஸின் வகையில் அடியில் நெய்த துணி தெரியும். அந்தச் செயற்கைத் தோல் பீரோவில் சும்மா கிடந்தாலும் ஈரக்காற்றில் செதில் செதிலாக உரிந்துவிடும். பாலியூரித்தேன் அடிப்பாகம் வைத்த ஷூவும் அப்படியே, ஒருநாள்கூடப் போடாமல் வைத்திருந்தாலும் சில வருஷத்தில் நொறுங்கும். இவற்றைப் பழசாக வாங்காதீர்கள்.

அம்மா சொல்வதில் சுத்தம் என்கிற பாதி சரி. சொறிச்சிரங்கு உண்டாக்கும் பூச்சி மனித உடம்பை விட்டுப் பிரிந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. பருத்தித் துணி என்றால் கை பொறுக்காத வெந்நீரில் துவைத்து வேலூர் வெயிலில் இரண்டு நாள் போடுங்கள். நம் ஊர் வெயில் இதற்காவது பயன்படட்டும். கொதிநீர் தாங்காத துணியை ஒரு பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு அப்புறம் துவைக்கலாம். பட்டை வெயிலில் போடக் கூடாது, நிழலில் காற்றாட விட்டு டிரைகிளீன் கொடுங்கள். தையல் மடிப்புகளில் கருப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி, அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். பாச்சை உருண்டை வாடை சில நாள் காற்றில் போய்விடும், பூஞ்சை வாடை லேசில் போகாது. உள்ளாடைகளைப் பழசாக வாங்குவதில்லை, அதில் பேச்சே இல்லை.

மற்ற பாதி தோஷம் பற்றியது. பிறந்த குழந்தையை நம் வீடுகளில் எதில் சுற்றுகிறோம்? வேறு குழந்தை போட்ட பழைய துணியைக் கேட்டு வாங்கித்தானே முதலில் போடுகிறோம்? பாட்டி புடவையில்தானே தூளி கட்டுகிறோம்? அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் குடியாத்தத்துக்குப் போகும்போது அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். அந்த அம்மாவிடம் பத்து நிமிஷம் பேசினால் ‘யாரோ’ என்பது போய்விடும். தவிர, இத்துப்போன பட்டைக் கண்டுபிடிப்பதில் ஐம்பது வயதுப் பெண்களின் விரலை மிஞ்ச ஆளில்லை.

நேரில் போகாமல் முன்பணம் எதுவும் அனுப்பாதீர்கள். காட்பாடியிலிருந்து ரயிலேறினால் குடியாத்தம் பக்கம்தான், பகலில் போங்கள். விளக்கு வெளிச்சத்தில் பட்டு பார்க்கக் கூடாது. மடிப்பு தேறி, ஜரிகை வெள்ளி என்று தெரிந்து, நீளமும் போதும் என்றால், ஃபால்ஸ், குஞ்சம், டிரைகிளீன், ஓடுரவிக்கை இல்லையென்றால் தனி ரவிக்கைத் துணி என்று ஆகிற செலவையெல்லாம் கூட்டி அந்த விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். மடிப்பில் ஓர் இடம் விட்டாலும், ஜரிகைக் கடைக்காரர் சொல்லும் விலைக்கு மேல் போகாதீர்கள்.

வாங்கினால், புது ஃபால்ஸைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து அது சுருங்கிய பிறகு தைக்கக் கொடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் அது சுருங்கிப் பழைய பட்டின் கரையை இழுக்கும். பழைய ஃபால்ஸ் பிரித்த ஓட்டை வரிசை மேலேயே மறுபடி ஊசி போடாமல் ஒரு நூல் தள்ளித் தைக்கச் சொல்லுங்கள். கார்த்திகைக்குள் கொடுத்துவிடுங்கள். மார்கழிக் கடைசியில் கொண்டுவந்தால் பொங்கல் ரவிக்கை மூட்டைகளுக்கு நடுவே உங்கள் புடவையைக் கவனமாகத் தைக்க இந்த ஊரில் எந்தத் தையல்காரருக்கும் நேரம் இருக்காது.